முழங்காலுக்குப் பின்னால் ஒரு துடிப்பு

நோயில் விழுந்து எழுந்தவர்கள் எழுதும்போது முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். அடுத்து, தங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்துவிட்டதாக எழுதுவார்கள். ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லியாயிற்று. இரண்டாவதை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பொன்னுசாமிக் கங்காணியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. என் இடது முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற நீளத் தழும்பைப் பார்த்து இது என்ன, அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. என் அப்பா கோயில் உபதேசியார். அவர் புண்ணியத்தில் எனக்கு எழுத்து வரும். அதனால் எழுதிவிடுகிறேன். பேச்சில் அந்த ஆளுக்குக் கடைசிவரை மரியாதை கொடுத்தேன். எழுத்தில் அது கிடையாது.

பெரிய யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்தாறு. கோலா கங்சார் ரஸ்தாவை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் புருஷன் சவரிமுத்துவும் மரம் சீவினோம். விடிவதற்குமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு நிரை மரமாகப் பிரிந்து போவோம். சீவுகிறவளுக்கு ஒரே ஒரு விதிதான். உளியால் பட்டையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே இருக்கிற மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துவிடும், பிறகு அங்கே உளி ஓடாது. அதற்குக் காயம் என்று பேர். எங்களை மேய்க்கிற கங்காணி பின்னாலேயே வந்து காயம் தேடுவான்.

ஒருநாள் என் மரத்தில் நகக்கண் அளவு ஒரு காயம். கங்காணி என் கையிலிருந்த உளியைப் பிடுங்கினான். ஏதோ வைவான், வைது முடிப்பான் என்று நினைத்து, நான் வாளியை எடுக்கத் திரும்பினேன்.

"மரத்துக்குக் காயம் போட்டியே, காயம்னா என்னான்னு நீயும் தெரிஞ்சுக்க!"

எறிந்தான். உளி என் முழங்காலுக்குப் பின்பக்கம் செருகி நின்றது.

பக்கத்து நிரையிலிருந்து என் புருஷன் ஓடிவந்து உளியைப் பிடுங்கினார். ரத்தம் பீச்சி அடித்தது. தோட்டத்தில் எவனுக்கு வெட்டுப்பட்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ரப்பர் பால். மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்திலிருந்து பாலைக் காயத்தில் ஊற்றித் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினார். பால் காய்ந்து தோல்மேல் இன்னொரு தோலாக ஒட்டிக்கொண்டது. ரத்தம் நின்றது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு எல்லோரும் மெச்சினார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது. வெளிவாசலை அடைத்துவிட்டோம், உள்ளே அறுந்த குழாய் திறந்தே கிடந்தது.

ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி விசாரித்தார். "ஈரத்துல வழுக்கி, உளி மேலயே விழுந்துட்டா" என்றான் கங்காணி. கிராணி என் புருஷனைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார் இவர். ஊரிலிருந்து எங்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவனை எதிர்த்து எப்படிப் பேசுவது என்பது அவர் நியாயம். நான் இல்லை என்று கத்தினேன். "வலியில உளர்றா" என்று கங்காணி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் உளியைவிட ஆழமாக இறங்கியது.

மூன்று வாரத்தில் காயம் ஆறி நான் வேலைக்குப் போனேன். ஆறாவது வாரம் முழங்காலுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் வந்தது. அடுத்த மாதம் அது ஆரஞ்சு அளவு. காலை நீட்ட முடியவில்லை, பாதம் மரத்துப்போயிற்று. வேலைக்குப் போகாத நாளெல்லாம் கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் வந்து நின்று, "நடிப்பு போதும், எந்திரி" என்று கத்துவான்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் அழுத்திப் பார்த்துவிட்டு, சீழ்க்கட்டி என்றார். அவரைப் பொறுத்தவரை வீங்கினதெல்லாம் சீழ்க்கட்டிதான். சூடாகக் களி கிண்டி வைத்துக் கட்டச் சொன்னார். நாலு நாள் கட்டினோம். ஐந்தாம் நாள் கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

"அசையாமப் புடிச்சுக்க சவரிமுத்து. ஒரு கீறு, எல்லாம் வெளிய வந்துடும்."

என் புருஷன் இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு கையை எடுத்து டிரசரின் மணிக்கட்டைப் பற்றினார். வாழ்க்கையில் யார் கையையும் அவர் அப்படிப் பற்றி நான் பார்த்ததில்லை.

"ஐயா, வேணாம். உள்ள துடிக்குது. கட்டி துடிக்குமா? இது நாடி மாதிரி அடிக்குது."

டிரசர் வைதார். இவர் கையை விடவில்லை. அன்றைக்கே மாட்டுவண்டியில் என்னைக் கிடத்தி ரயிலடிக்குக் கொண்டுபோய், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டிரசர் அன்று கீறியிருந்தால் அந்த மேசையிலேயே என் ரத்தம் முழுவதும் போயிருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாக நோயாளிகள். சுரங்கத்தில் கால் நசுங்கிய சீனர்கள், காய்ச்சலில் நடுங்குகிற எங்கள் ஆட்கள், வயிறு வீங்கிய குழந்தைகள். நான் காலை மடக்கியபடி காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்தேன். வெள்ளைக்கார டாக்டர் வந்து ஒரு குழலை வீக்கத்தின் மேல் வைத்துக் கேட்டார். கேட்டதும் முகம் மாறிற்று. இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உருவம். வார்டில் எல்லோரும் அவரைச் சின்ன டாக்டர் என்பார்கள். வீக்கத்துக்குள் ரத்தம் உஸ்... உஸ் என்று ஓடுகிற சத்தத்தைக் குழலை என் காதில் மாட்டி எனக்கும் கேட்க வைத்தவர் அவர்தான்.

"பிள்ளை, நீர் என்ன வேலை செய்யிறனீர்?"

"பால் மரம் சீவுறேங்க."

"அப்ப உமக்குச் சொல்லுறது சுகம். மரத்துக்கு எத்தினை பட்டை, சொல்லும் பாப்பம்."

"மேல காஞ்ச பட்டை. நடுவுல கெட்டிப் பட்டை. உள்ள பால் பட்டை. அதுக்கும் உள்ள மரம்."

"இருதயத்திலயிருந்து ரத்தம் கொண்டுபோற குழாய்க்கும் மூண்டு பட்டைதான்."

அந்தக் குழாய்க்குத் தமனி என்று பேர். உள்பட்டை மெல்லியது, வழவழப்பானது; ரத்தம் உராயாமல் ஓடுவதற்கு. நடுப்பட்டைதான் வேலைக்காரன். தசையும் ரப்பர்போல இழுபடுகிற நாரும் சேர்ந்து ஆனது; இருதயம் அடிக்கும்போதெல்லாம் விரிந்து, உடனே சுருங்கி, ரத்தத்தை முன்னால் தள்ளிவிடும். நாம் மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கிற துடிப்பு அந்த விரிவுதான். வெளிப்பட்டை முரட்டு உறை. குழாய் அளவுக்கு மீறிப் புடைக்காமல் பிடித்துக்கொள்ளும். கங்காணி எறிந்த உளி மூன்றையும் குத்திவிட்டது. வெளியே வர வழியில்லாத ரத்தம் சதையைத் தள்ளித் தள்ளித் தனக்கு ஒரு பை செய்துகொண்டது. அந்தப் பைக்கு மூன்று பட்டையில் ஒன்றுகூட இல்லை. நசுங்கிய சதைதான் சுவர். இதற்கு அனியூரிசம் என்று பேர். எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார்.

அதோடு ஒரு அசிங்கமும் நடந்தது. கெட்ட சகவாசத்தில் வருகிற மேகநோய் கண்டவர்களுக்கு நடுப்பட்டை அரித்துப் போய் இதேபோல் புடைக்குமாம். அதனால் என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். "உன் புருஷன் எங்கயாச்சும் போவாரா?" என்று ஆயா எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் உளி எறிந்த கதையைச் சொன்னேன். "எல்லாரும் விழுந்தேன்னுதான்லா சொல்வாங்க, நீ வேற மாதிரி சொல்றே" என்றாள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை ஒன்பது நாள் அந்த வார்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதையும் கங்காணி கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று சின்ன டாக்டர் சொன்னார். பைக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிவிட வேண்டும். பெரிய வழியை அடைத்த பிறகு முழங்காலைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் விரிந்து பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோனால் கால் பிழைக்கும். இல்லாவிட்டால் கறுத்து அழுகும், தொடையோடு எடுக்க வேண்டிவரும். அந்தக் கிளைகளை முன்கூட்டியே பழக்க ஒரு வழி இருந்தது. தினமும் தொடையில் தமனி ஓடுகிற இடத்தைக் கட்டைவிரலால் எலும்போடு அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, நாள் முழுக்க. பெரிய வழி மூடினால் ரத்தம் சின்ன வழி தேடும்.

ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் போதாது. என் புருஷனுக்கு இடம் காட்டிக் கொடுத்தார்கள். கட்டிலைச் சுற்றித் திரை கட்டி, பன்னிரண்டு நாள் காலையிலிருந்து மாலைவரை அவர் என் தொடையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரல் வீங்கி, இடதுக்கு மாற்றி, அதுவும் வீங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தினார். இடையில் எழுந்து போய் யாரோ ஒரு புண்ணியவதி வீட்டிலிருந்து ரசம் வாங்கி வந்து ஊட்டுவார். அந்தக் கைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நான் விடவில்லை.

"நீங்க பாத்தீங்க. அவன் எறிஞ்சதை ரெண்டு கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன் புள்ள."

"அப்புறம் எதுக்கு ஆமாங்கன்னீங்க?"

"அவருதானே நம்மளக் கூட்டியாந்தவரு. பகைச்சுக்கிட்டு எங்க போறது?"

"கால் போச்சுன்னா நான் மட்டும் எங்க போறது?"

அழுத்தின விரலை எடுக்காமலே தலையைக் குனிந்துகொள்வார். மறுநாளும் அதையே கேட்பேன். பதினோராம் நாள், நான் கேட்காமலே சொன்னார்: "லேபர் ஆபீசருகிட்ட போயி உள்ளதைச் சொல்லிடுறேன். நீ பொழைச்சு வா, போதும்." எனக்கு அப்போது இரண்டே ஆசைதான். இரண்டு காலோடு தோட்டத்துக்குள் நடந்து போக வேண்டும். கங்காணி அனுபவிப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். இதில் எந்த ஆசைக்காக அதிகம் ஜெபித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பதின்மூன்றாம் நாள் முகத்தில் துணியைப் போட்டு மயக்க மருந்தைச் சொட்டினார்கள். கண் திறந்தபோது முதல் வேலையாகக் கையை நீட்டித் தடவினேன். கால் இருந்தது. பஞ்சைத் தலையணை கனத்துக்குச் சுற்றி வைத்திருந்தார்கள். பாதம் மட்டும் செத்த மீன்போல் சில்லென்று கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் ஆயா வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பாதத்தில் வைக்கப் போனாள். தூரத்திலிருந்தே சின்ன டாக்டர் போட்ட கூச்சலில் போத்தல் கீழே விழுந்தது.

"சூடு வைக்கக் கூடாது! ரத்தம் குறைஞ்ச சதை சூட்டைத் தாங்காது. வெந்து போகும், கறுத்துப் போகும்!"

கோபம் தணிந்தபின் எனக்கு விளக்கினார். ரத்தம் நன்றாக ஓடும் காலில் வைத்த சூட்டை ரத்தமே வாங்கிக் கொண்டுபோய்விடுமாம். ஓட்டமில்லாத காலில் சூடு அங்கேயே தங்கிச் சதையை வேகவைத்துவிடும். என்னைப்போலத் தமனியைக் கட்டியவர்களுக்கு மட்டும் இந்த ஆபத்து என்று நினைக்கக் கூடாது. வயதாக ஆக, சிலருக்கு உள்பட்டை தடித்துச் சுண்ணாம்பு படிந்து, வழி குறுகிப்போகும். சுருட்டை விடாமல் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். அப்படிப்பட்டவன் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், வலி விட்டதும் நடப்பான், மறுபடி நிற்பான். "அவங்களுக்கும் கால் குளிரும். வீட்டில உள்ளவை பாவம் பாத்துச் சுடுதண்ணியில ஊறவைப்பினம். பிறகு காலை இஞ்ச கொண்டுவந்து எங்களிட்டத் தருவினம்" என்றார்.

கால் பிழைக்குமா என்று ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை. காலையில் சின்ன டாக்டர் வந்து பெருவிரலை அழுத்துவார். வெளுத்த நகம் சிவக்கிறதா என்று எண்ணிக்கொண்டு நிற்பார். நான் அவர் முகத்தையே பார்ப்பேன். சுண்டுவிரல் நுனி கறுத்தது. அன்றைக்கு நான் கர்த்தரோடும் சண்டை போட்டேன். பத்தாம் நாள் நகம் சிவந்தது. கிளைகள் வழி திறந்துவிட்டன. சேதம் சுண்டுவிரல் நுனியோடு நின்றது. என் புருஷன் திரைக்குப் பின்னால் போய் நின்று விசும்பி அழுத சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

நான் தேறிவந்த நாட்களில் அவர் சொன்னபடி, கூலியாட்களின் குறை கேட்கிற லேபர் ஆபீசரிடம் போனார். ஆபீசர் தோட்டத்துக்கு வந்து விசாரித்தார். நான் தடியூன்றி நின்று நடந்ததைச் சொன்னேன். என் புருஷனும் பார்த்ததைச் சொன்னார். சாட்சிக்குக் கூப்பிட்ட மற்ற பன்னிரண்டு பேரும் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். அதில் ஏழு பேர் அன்று அந்த நிரைப் பக்கமே வராதவர்கள். "இவ சொல்ற ஒரு வார்த்தை நெசம் கிடையாதுங்க தொரை. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு இவனும் ஆடுறான்" என்றான் கங்காணி. ஆபீசர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பொய்க்காரி என்று பேர். பெரட்டில் என் பேரைக் கூப்பிடும்போது, "பொய்க்காரி வந்தாச்சா?" என்பான், வரிசை சிரிக்கும். மழை வருகிறது என்று நான் சொன்னால்கூட ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரண்டு காலோடு திரும்பி வந்தேனே தவிர, என் வாய்க்கு அந்தத் தோட்டத்தில் மதிப்பில்லாமல் செய்துவிட்டான்.

ஒரு வருஷம் போயிற்று. என்னை ரப்பர் ஷீட் துடைக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கங்காணி வருகிற பாதை தெரியும். ஒருநாள் அவன் நடுப்பாதையில் நின்று கெண்டைக்காலைத் தேய்த்தான். நடந்தான். நாற்பது தப்படியில் மறுபடி நின்றான். வாயில் சுருட்டு. அடுத்த வாரம் முப்பது தப்படி. என் கையிலிருந்த ஷீட் நழுவிக் கீழே விழுந்தது. எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அவன் பெருவிரலில் ஆறாத புண் வந்தது. டிரசர் பார்த்தார். பழைய டிரசர், பழைய வைத்தியம்: காலையும் மாலையும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்க வேண்டும், களி கட்ட வேண்டும். குழாயடியில் கங்காணி பெண்சாதி இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு என் புருஷன் வேகமாக வீட்டுக்கு வந்தார்.

"சின்ன டாக்டரு சொன்னாருல்ல, சூடு வைக்கக் கூடாதுன்னு? நான் போயி டிரசருகிட்டச் சொல்றேன். இல்லாட்டி கிராணிகிட்டச் சொல்லித் தொரை காதுல போடச் சொல்றேன்."

"நீங்க வாயத் திறக்கக் கூடாது."

பேசு பேசு என்று பன்னிரண்டு நாள் அவரை அரித்தவள் நான். அன்று வாயை மூடச் சொன்னேன்.

"பாவம் புள்ள. கால் போயிடும்."

"நானே சொல்றேன். என் வாயால சொல்றேன்."

மறுநாள் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது வெளியே வந்து அவன் முன்னால் நின்றேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். குரலில் தேன் தடவிக்கொண்டேன்.

"கங்காணி, அந்தக் கால்ல சுடுதண்ணி படவே கூடாதுங்க. சுருட்டை விட்டுடுங்க. இன்னைக்கே ஈப்போவுக்குப் போயிடுங்க. ஆஸ்பத்திரியில சொன்னதைத்தான் சொல்றேன்."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வரிசையைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களாடா? பொய்க்காரி வைத்தியம் சொல்ல வந்துட்டா. என் கால் போகணும்னு நேந்துக்கிட்டவ, வேணாங்கிறா. அப்ப அதுதான்டா சரியான மருந்து!" வரிசையில் நின்ற தன் பெண்சாதிப் பக்கம் திரும்பி, "இன்னைக்கு இன்னும் கொஞ்சம் சூடா வை" என்றான்.

வரிசை சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.

நாலு நாளில் பாதம் கொப்பளித்தது. பத்து நாளில் கறுத்தது. லயத்துக்கே நாற்றம் வந்த பிறகுதான் வண்டியில் தூக்கிப் போட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். தொடையோடு எடுத்துவிட்டார்கள். பெரட்டுக்கு வேறு ஆள் வந்தான்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். "பொய் சொன்னாயா?" என்றார். இல்லை என்றேன். "எச்சரித்தாயா?" எச்சரித்தேன் என்றேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கங்காணி வீட்டுப்பக்கம் போனேன். பெண்சாதி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வையவில்லை.

"ஈப்போவுல டாக்டரும் அதையேதான் சொன்னாரு ஞானம்மா. சுடுதண்ணிதான் கெடுத்துச்சாம்." "உனக்கு என் மேல அம்புட்டுப் பகை. அப்புறம் ஏன் வந்து உண்மையைச் சொன்னே?"

"நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னு தெரியுங்க கங்காணி. அதனாலதான் மத்த யாரையும் சொல்ல விடாம, நானே வந்து சொன்னேன்."

அவன் முகம் மாறுவதை ஆற அமர நின்று பார்த்தேன். அப்புறம் வீட்டுக்கு நடந்து வந்து சோறாக்கினேன். அன்றைக்கு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.